புறாவும் வல்லூறும்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்லும்போது ஒரு கணம் நின்று தலையை உயர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? தகரக் கூரைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே புறாக்கூட்டம் ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருக்கும். கூட்டம் திரும்பும்போதெல்லாம் சிறகுகளின் அடிப்புறம் வெயிலில் பளிச்சிடும். கீழே, கூரையின் விளிம்பில், ஓர் இளைஞன் நின்று சீழ்க்கை அடித்துக்கொண்டிருப்பான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் பேரனாக இருக்கலாம்; உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவனாகவும் இருக்கலாம். புறா வளர்ப்பவர்களுக்குள் மொழி வேற்றுமை பெரிதன்று.

திடீரென்று கூட்டம் இறுகுகிறது. அது வரை விரிந்து பறந்த பறவைகள் ஒரே பந்தாகச் சுருண்டு ஒரு பக்கம் சாய்கின்றன. மேலேயிருந்து ஒரு நிழல் விழுகிறது. மறுகணம் சில இறகுகள் மட்டும் காற்றில் மிதந்து இறங்குகின்றன. கூரைமேல் நின்றவன் எண்ணிப் பார்க்கிறான், ஒன்று குறைகிறது.

வளர்த்தவனுக்கு அது வெறும் பறவை அன்று. முட்டையிலிருந்து பார்த்து, குஞ்சாக இருக்கும்போது தீனி ஊட்டி, பல மாதம் பழக்கி, வீடு திரும்பக் கற்பித்த உயிர். அந்த நேரத்தில் அவன் மனத்தில் எழும் முதல் எண்ணம், அந்த வல்லூற்றைக் கொன்றுவிட வேண்டும் என்பதே. கவணும் கல்லும் கைக்கு எட்டும். நஞ்சு வைக்கவும் சிலருக்குத் தோன்றும்.

இந்த எண்ணம் புதியது அன்று. புறாவை வேட்டைப் பறவையிடமிருந்து காப்பது எப்படி என்ற கேள்விக்கு மனிதன் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறான். அவ்விடைகளுள் எவை நிலைத்தன, எவை பொய்த்தன என்பதை இன்று வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி மிகப் பழகியது. சோழ மன்னர்களைப் பாடிய புறநானூற்றுப் புலவர்கள், புறாவின் துயர் தீர்க்கத் தராசுத் தட்டில் ஏறியவனின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைப் போற்றினர். செம்பியன் என்ற பட்டப்பெயரே சிபியின் மரபினன் என்ற பொருளுடையது. பாண்டியன் அவையில் தன் ஊரைச் சொல்ல வந்த கண்ணகி, முதலில் நினைவுகூர்ந்தது இந்த மன்னனைத்தான். வடமொழியில் மகாபாரதம் இக்கதையைக் கூறுகிறது. பௌத்தர்களும் சிபியின் கதையைத் தம் ஜாதகக் கதைகளுள் சேர்த்துப் போற்றினர். அஜந்தாவின் முதற் குகையில் அது ஓவியமாக நிற்கிறது.

கதை யாவரும் அறிந்ததே. ஆனால் அதில் நாம் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. அடைக்கலம் புகுந்த புறாவைக் காக்கச் சிபி வில்லை எடுக்கவில்லை. அவனிடம் படை இருந்தது. ஒரு பறவையை வீழ்த்துவது அவனுக்கு அரிய செயலன்று. ஆயினும், 'எனக்கும் பசி உண்டே, என் உணவைப் பறிப்பது எந்த அறம்?' என்ற கருத்தில் வேட்டைப் பறவை எழுப்பிய வழக்கை அவன் நியாயமான வழக்காகவே ஏற்றுக்கொண்டான். புறாவைக் காப்பதற்கான விலையைப் பருந்தின் தலையில் சுமத்தாமல் தானே கொடுத்தான். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

புறா மனிதனோடு வாழத் தொடங்கிய காலம் மிகத் தொன்மையானது. நம் நெடுநல்வாடையில், கூதிர்காலத்தில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் மயங்கி, இரை தேடப் போகாமல் பெடையோடு வீட்டிலேயே தங்கியிருக்கும் செங்கால் புறாவைக் காண்கிறோம். அக்காலத்தே புறா மனையில் உறையும் பறவை ஆகிவிட்டது என்பது இதனால் விளங்கும். மலைப்பாறைகளின் பொந்துகளில் வாழ்ந்த பறவைக்கு மாடத்தின் பிறையும் பாறைப் பொந்தும் ஒன்றே. பாறையில் அதைத் துரத்திய எதிரிகளும் அதன் பின்னாலேயே ஊருக்குள் வந்தன.

பழைய உரோமாபுரியில் வேளாண்மை நூல் எழுதியவர்களும் இதைப்பற்றிக் கவலைப்பட்டிருக்கின்றனர். சிறு வல்லூறு வகை ஒன்றைப் புறாக்களோடு வைத்தால் பெரிய பருந்துகள் அஞ்சி அகலும் என்று பிளினி எழுதி வைத்தார். பாரசீக நாட்டில் இஸ்பஹான் நகரைச் சுற்றி உழவர்கள் புறாவின் எருவுக்காகப் பெரிய கோபுரங்களைக் கட்டினர். அவற்றின் நுழைவாயில்களைப் புறா மட்டும் நுழையும் அளவுக்குச் சிறியனவாக வைத்தனர். பெரிய பறவைகளால் உள்ளே புக முடியவில்லை. சீனத்தில் புறாவின் வாலில் மெல்லிய குழல்களைக் கட்டிப் பறக்கவிட்டனர். வானத்தில் எழும் அந்த இசை கேட்பதற்கு இனியது. வேட்டைப் பறவையை விலக்கி வைக்கும் என்றும் நம்பினர். பிளினி கூறியது வெறும் நம்பிக்கை; பாரசீக உழவர் செய்தது நல்ல தச்சுவேலை. ஒன்று மறைந்துபோனதும் மற்றொன்று இன்றுவரை எல்லா நல்ல கூண்டுகளிலும் நிலைத்திருப்பதும் கவனிக்கத்தக்கவை.

நம் நாட்டில் புறா பறக்கவிடுதல் ஒரு கலையாக வளர்ந்தது முகலாயர் காலத்தில். பாபரின் தந்தையான உமர் ஷேக் மிர்சா புறா வளர்ப்பில் பெரும் பற்றுடையவர். 1494ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்த புறாமாடம் இடிந்து விழுந்தபோது அவரும் அதனோடு விழுந்து இறந்தார். அவருடைய கொள்ளுப்பேரனான அக்பர் இவ்விளையாட்டுக்கு 'இஷ்க்பாஜி', அதாவது காதல் விளையாட்டு, என்று பெயரிட்டார். அவருடைய அரண்மனையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஐந்நூறு தேர்ந்தெடுத்த பறவைகள் என்றும் அபுல் ஃபசல் தம் ஆயினி அக்பரியில் குறித்துள்ளார். தேர்ந்த புறா ஒன்று பதினைந்து முறை சுழன்று எழுபது முறை கர்ணம் போடும் என்பதும் அவர் தரும் கணக்கு. இன்று சென்னையில் கர்ணப் புறா என்று வழங்கும் பறவையின் வித்தை அதுவே.

அதே அக்பர், வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளையும் பெருமதிப்போடு வளர்த்தார். ஒரே அரண்மனையில் புறாவும் வாழ்ந்தது, வல்லூறும் வாழ்ந்தது. அவற்றை வைத்திருந்தவர்கள் ஒன்றை மற்றொன்றிடமிருந்து பிரித்து வைக்கும் திறமையைக் கற்றிருந்தார்களே ஒழிய, ஒன்றை ஒழிக்க முற்படவில்லை.

தில்லியிலும் லக்னோவிலும் வளர்ந்த இக்கலை, பிழைப்புத் தேடி வந்த மக்களோடு மும்பைக்கும் வந்தது. சென்னையில் வடசென்னைத் தெருக்களில் அது வேறொரு முகம் கொண்டது. கர்ணப் புறா, சாதாப் புறா என்பவற்றோடு, நெடுந்தொலைவிலிருந்து வீடு திரும்பும் ஹோமர் என்னும் பந்தயப் புறாவும் அங்கே பெயர்பெற்றது. 2015இல் வெளிவந்த 'மாரி' திரைப்படம் அவ்வுலகத்தைத் தமிழகம் முழுவதற்கும் காட்டியது.

ஹோமர் புறாவுக்குப் பந்தயத்தைவிடப் பெரிய வேலையும் இருந்தது. ஒரிசா மாநிலக் காவல்துறை, 1946இல் இராணுவத்திடமிருந்து பெற்ற இருநூறு புறாக்களைக் கொண்டு புறா அஞ்சல் ஒன்றைத் தொடங்கியது. 1948 ஏப்ரலில் சம்பல்பூரிலிருந்த பிரதமர் நேரு, கட்டாக்குக்கு அனுப்பிய செய்தி ஒன்று புறாவின் காலில் கட்டிச் சென்றது. செல்லும் வழியில் வேட்டைப் பறவை குறுக்கிடும் என்பதைப் புறா அஞ்சல் நடத்தியவர்கள் எங்கும் அறிந்திருந்தனர். ஒரே செய்தியை இரண்டு புறாக்களிடம் கொடுத்தனுப்புவது அக்கலையின் பழைய வழக்கம். ஒன்றை இழக்க நேரலாம் என்று முன்னரே கணக்கிட்டு, அந்த இழப்பைத் தாமே ஏற்றுக்கொண்டனர்.

இதற்கு நேர்மாறான வழியையும் மனிதன் ஒருமுறை மேற்கொண்டு பார்த்தான். அதற்காக நாம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டனுக்குச் செல்ல வேண்டும்.

அப்போரில் பிரிட்டன் ஏறத்தாழ இரண்டு லட்சம் புறாக்களைப் பயன்படுத்தியது. குண்டுவீச்சு விமானங்களில் புறாக்களை ஏற்றிச் சென்றனர். விமானம் கடலில் விழுந்தால், இருக்குமிடத்தை எழுதிப் புறாவை விடுவர். இவ்வாறு வந்த செய்தியால் உயிர் பிழைத்த விமானிகள் உண்டு. ஆனால் கரையை நெருங்கும் புறாவைக் கடலோரப் பாறைகளில் வாழும் பைரி என்னும் பெருவல்லூறு அடித்துக்கொண்டிருந்தது. பைரி உயரத்திலிருந்து சிறகை மடக்கிப் பாயும்போது அதன் வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டும். 1940இல் பிரிட்டிஷ் அரசு பைரிகளை அழிக்க ஆணை பிறப்பித்தது. போர் முடிவதற்குள் அறுநூறு பைரிகள் அளவில் சுட்டு வீழ்த்தப்பட்டன. முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்தனர்.

மனித உயிர் தொங்கிய நேரத்தில் எடுத்த முடிவு அது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. போர் முடிந்ததும் ஆணை நீங்கியது. 1954இல் இயற்றிய சட்டம் பைரிக்குப் பாதுகாப்பளித்தது. பறவைகளின் தொகை மீண்டும் பெருகத் தொடங்கியது என்று எல்லோரும் எண்ணினர்.

1960ஆம் ஆண்டில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அரசிடம் முறையிட்டனர். பைரிகள் மிகுந்துவிட்டன, எங்கள் புறாக்களைத் தின்று தீர்க்கின்றன, ஆதலால் அவற்றுக்கு அளித்த பாதுகாப்பை நீக்குங்கள் என்பது அவர்கள் வேண்டுகோள். அரசு உடனே ஆணையிடவில்லை. முதலில் எண்ணிப் பார்ப்போம் என்றது. டெரிக் ராட்கிளிஃப் என்ற அறிஞரின் பொறுப்பில் 1961இல் கணக்கெடுப்புத் தொடங்கியது. தொண்டர்கள் பாறைதோறும் ஏறிப் பார்த்தனர்.

கண்டது யாரும் எதிர்பாராதது. பைரிகள் மிகவில்லை; மறைந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கூடுகட்டி வந்த பாறைகள் வெறுமையாகக் கிடந்தன. 1963இல், போருக்கு முன் இருந்த தொகையில் நூற்றுக்கு 44 பங்கே எஞ்சியிருந்தது. யாரும் சுடாமலேயே, போர்க்காலத் துப்பாக்கி செய்யாததை வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது.

அது பூச்சிமருந்து. விதைத் தானியத்தில் பூசிய நஞ்சைப் புறாக்கள் தின்றன. தின்ற புறாக்களுள் பல மடிந்தன. மடியாதவற்றின் உடலில் நஞ்சு தங்கியது. அவற்றைத் தின்ற பைரியின் உடலில் அது மேலும் மேலும் சேர்ந்தது. டி.டி.டி. என்னும் மருந்தோ வேறு விதமாகத் தாக்கியது. பைரியின் முட்டை ஓடுகள் 1947 அளவிலிருந்தே மெலிந்து வந்துள்ளன என்று ராட்கிளிஃப் 1967இல் நிறுவினார். அடைகாக்கும் தாயின் எடையையே தாங்க மாட்டாமல் முட்டைகள் நொறுங்கின.

எத்தகைய திருப்பம் பாருங்கள்! புறாவைக் காக்க வேண்டும் என்று தொடங்கிய விசாரணை, புறாவுக்கும் பைரிக்கும் பொதுவான எதிரி ஒருவனைக் கண்டுபிடித்தது. அந்த எதிரி மனிதனையும் விட்டு வைப்பவன் அல்லன். வேட்டைப் பறவை இல்லாதிருந்தால் அந்த நஞ்சின் சேதியை நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் 1989இல் வேளாண்மைக்கு அதைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. பைரிகள் மீண்டன; இன்று லண்டன் மாநகரின் உயர்ந்த கட்டடங்களில் அவை கூடு கட்டுகின்றன. அந்த நாட்டில் புறாப் பந்தயமும் நின்றுவிடவில்லை.

மும்பைக்கு இத்தகைய பாடம் அயலானதன்று. மலபார் குன்றில் பார்சி மக்களின் அமைதிக் கோபுரங்களுக்கு வந்துகொண்டிருந்த பிணந்தின்னிக் கழுகுகளை இன்று காண முடியவில்லை. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த கால்நடைகளின் உடல்வழியாக நாடெங்கும் அவற்றைக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தபோது அவற்றுள் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. அழிப்பதற்குச் சில ஆண்டுகள் போதும். மீட்பதற்குப் பல தலைமுறை வேண்டும்.

இனி, நம் கூரைமேல் நிற்கும் இளைஞனிடம் திரும்புவோம். அவனுடைய வானத்தில் பறப்பவை யாவை? முதலாவது, எங்கும் காணும் கள்ளப்பருந்து. செம்பூரை அடுத்த தேவனார் குப்பைமேட்டின்மேல் அவை கூட்டங்கூட்டமாக வட்டமிடும். அவற்றுக்கு எச்சில் இறைச்சியும் எலியுமே முதல் உணவு. பறக்கும் நல்ல புறாவைப் பிடிப்பது அவற்றுக்கு அரிது. குஞ்சையும் நோயுற்றதையும் பறிக்கும். இரண்டாவது, வல்லூறு. மரம் அடர்ந்த தெருக்கள் அதற்கு உகந்தவை. மாட்டுங்காவின் பழைய மரங்களும், தாராவியை ஒட்டிக் குப்பைமேடாக இருந்த இடத்தில் 1994இல் திறந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவும் அத்தகைய இடங்கள். அது மறைவிலிருந்து தாழப் பாயும். மூன்றாவது, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பைரி. புறா வளர்ப்பவர் உண்மையில் அஞ்சவேண்டியது இதற்கே. இவை அனைத்துக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக நிற்கிறது. இவற்றைக் கொல்வது குற்றம்.

கொல்லாமல் காப்பது எப்படி? அறிவியலும் அனுபவமும் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன. 1978இல் ராபர்ட் கென்வர்ட் என்பவர், பழக்கிய வேட்டைப் பறவையைக் காட்டுப்புறாக்களின்மேல் ஏவிச் சோதித்தார். தனித்திருந்த புறாவின்மேல் பாய்ந்தபோது பத்துக்கு எட்டு முறை அளவில் அது வென்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட கூட்டத்தின்மேல் பாய்ந்தபோது பத்துக்கு ஒரு முறை வெல்வதே அரிதாயிற்று. கூட்டத்தில் கண்கள் பல. எதிரியை முன்னமே கண்டுவிடுகின்றன. ஆகவே பழகாத இளம் புறாவைத் தனியே விடுவது அதைக் கையில் ஏந்திக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தேர்ந்த பறவைகளோடு சேர்த்தே விட வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் விடுவதும் தவறு. வேட்டைப் பறவை நேரத்தைக் கற்றுக்கொள்ளும். பனிக்காலத்தில் பைரியைக் கண்டால் சில நாள்களேனும் கூண்டைத் திறவாமல் இருப்பதே நலம். வயிறு நிறையத் தின்ற புறா கூரையில் சோம்பி உட்கார்ந்திருக்கும். சிறிது பசியோடு விட்டால் அழைத்தவுடன் இறங்கும். கூண்டுக்குக் கம்பிவலை வேண்டும். வாயில் புறா நுழையும் அளவே இருக்க வேண்டும். இஸ்பஹான் உழவர் கண்ட உண்மை இது. இறைச்சிக் கழிவைக் கூரையருகே கிடக்கவிட்டால் பருந்தை நாமே அழைப்பதாகும். பொங்கல் நாள்களில் பட்டம் விடும் நைலான் மாஞ்சா நூல் புறாவின் சிறகையும் அறுக்கும், பருந்தின் சிறகையும் அறுக்கும். பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அதைத் தடை செய்திருக்கிறது. காயம்பட்ட பறவை எதுவாயினும் பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம்.

அன்பின் மிகுதியும் காவல் ஆகாது என்பதை அண்மையில் மும்பை கண்டது. தாதரில் 1933 முதல் விளங்கிவந்த கபூதர்கானாவில் நாள்தோறும் மூட்டை மூட்டையாகத் தானியம் இறைத்தனர். பெருகிய புறாக்களின் எச்சத்தால் மக்களுக்கு நுரையீரல் நோய் வரும் என்ற கவலை எழுந்தது. 2025 ஜூலையில் நகரின் 51 கபூதர்கானாக்களையும் மூட அரசு முடிவெடுத்தது. வழக்கும் கிளர்ச்சியும் தொடர்ந்தன. அவ்வழக்கின் நியாயங்களுள் நாம் இங்கே புகவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வீதியில் அளவின்றித் தானியம் இறைக்கும் ஊரில் புறாக்கள் மிகும். புறாக்கள் மிகுந்த ஊரைத் தேடி வேட்டைப் பறவைகளும் வரும். பைரியைப் பழிப்பதற்கு முன் அதற்கு விருந்து வைத்தவர் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்த பின்னும் சில புறாக்களை இழக்கவே நேரும். புறாவைத் திறந்த வானத்தில் விடுபவன் ஏற்கவேண்டிய விலை அது. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவன் புறாவைக் கூண்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது அது பறக்காது, அவ்வளவே.

சிபியின் தராசில் ஒரு தட்டில் புறா இருந்தது. மறு தட்டில் மன்னன் ஏறினான். பருந்தை யாரும் அத்தட்டில் ஏற்றவில்லை. புறாவைக் காக்க உழைப்பும் பொறுமையும் சிறிது இழப்பும் வேண்டும். அவற்றை வளர்ப்பவனே தருதல் முறை. 1940இல் வேறு ஒருவரின் தலையில் அந்த விலையைச் சுமத்திப் பார்த்த நாடு, இருபதாண்டுகளுக்குப் பின் அதே பறவையைத் தேடிப் பாறைதோறும் ஏறியிறங்கியது.

அடுத்த முறை தொண்ணூறடிச் சாலையில் நடக்கும்போது மேலே பாருங்கள். கூட்டம் இறுகிச் சாயும்போது கூரைமேல் நிற்பவன் கவணை எடுக்கிறானா, சீழ்க்கை அடித்துத் தன் பறவைகளைக் கீழே அழைக்கிறானா என்று கவனியுங்கள். சீழ்க்கை கேட்டால், அந்தப் புறாக்கள் இறங்கும் இடம் அவற்றின் வீடுதான் என்று அறிந்துகொள்ளலாம்.